அமரர் என்று தொடங்கும் வரிகள்

நாகராசு செத்த அன்று வந்தவர்களெல்லாம் செவந்தி இனி என்ன செய்வாளோ என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அவளோ ஆவுடையார்கோவில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டிடிபி கடை போட்டு, கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்தே மகள் காவ்யாவைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டாள்.

ஊர்க் கமிட்டித் தலைவர் முத்துராமன் நாகராசுக்குச் சித்தப்பா முறை. மதுவெடுப்புத் திருவிழா நோட்டீஸ் அடிக்க வந்தவர், போன வருடத்துக் கோப்பிலேயே தேதியை மாற்றிவிட்டு, அதிலுள்ள தலைக்கட்டுப் பட்டியலில், அதாவது கோவில் வரி கொடுக்கும் குடும்பத் தலைவர்களின் வரிசையில், புருஷன் இல்லாத வீடுகளை எடுத்துவிடச் சொன்னார். இதுவரை இறந்தவர் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போட்டு ஒப்பேற்றி வந்தார்கள். இனி அந்த வீடுகள் தலைக்கட்டுக் கணக்கிலேயே கிடையாதாம். தலைக்கட்டு இல்லாத வீட்டிலிருந்து, நெல்லும் தென்னம்பாளையும் வைத்துப் பெண்கள் கோவிலுக்குச் சுமக்கும் மதுக்குடம் கிளம்பக் கூடாது. காவ்யாவோ குடம் தூக்க விரதமே தொடங்கியிருந்தாள்.

கணினியில் அது நொடி வேலை. ‘அமரர்’ என்று தொடங்கி வரி முடியும்வரை எது இருந்தாலும் பிடி என்று தேடும் பெட்டியில் குறிகளால் எழுதினாள் செவந்தி. திரையில் அந்த வரிகள் மட்டும் மஞ்சளாயின. ‘அமரர் நாகராசு, மனைவி செவந்தி, மேலத்தெரு.’ மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டு ஒரு தட்டுத் தட்டினால் அவளும் சேர்ந்து போய்விடுவாள். என் கையாலேயே என்னை அழிக்கச் சொல்கிறாரே என்று கையை எடுத்துக்கொண்டாள்.

வரியை அடைப்புக்குறிகளால் மூன்று துண்டாக்கினாள்: கணவன் பெயர், மனைவி பெயர், தெரு. மாற்றும் பெட்டியில் பின்னிரண்டு துண்டுகளை மட்டும் வரச் சொல்லித் தட்டினாள். ‘செவந்தி, மேலத்தெரு’, ‘ராக்காயி, கீழத்தெரு’ என்று வரிசையாக வந்து நின்றன. ஒளிவுமறைவு இல்லாமல் அச்செடுத்து முத்துராமன் கையிலேயே கொடுத்தாள்.

பொம்பளை பேரில் தலைக்கட்டா என்று அவர் குதித்தார்.

“நான் அடிச்சா இப்படித்தான் மாமா அடிப்பேன். வேணாம்னா வேற எங்கிட்டாச்சும் அடிச்சுக்கங்க.”

பழைய கோப்போடு அறந்தாங்கிக்குப் போனார். அங்கிருந்த ஆபரேட்டர் அவசரக்காரர். தேடும் பெட்டியில் ‘அமரர்’ என்ற சொல்லை மட்டும் போட்டு, மாற்றும் பெட்டியை வெறுமனே விட்டு, எல்லாவற்றையும் மாற்று என்று அழுத்திவிட்டார். சொல் போனது, வரி நின்றது. செத்த ஆண்கள் அத்தனை பேரும் உயிரோடு தலைக்கட்டுகளாக நோட்டீஸில் சுவரேறினார்கள். ஊரே சிரித்தது. ராக்காயி மட்டும் சுவரில் புருஷன் பெயரைத் தடவிப் பார்த்து அழுதாள். செவந்தி அன்றைக்கு அழத் தயாராக இல்லை.

நோட்டீஸில் ஏறிய எந்தத் தலைக்கட்டும் வரி பாக்கி வைத்திருந்தால், காப்புக் கட்டித் திருவிழாவைத் தொடங்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. ஆகவே முத்துராமனே ரசீதுப் புத்தகத்தோடு செவந்தி வாசலுக்கு வர வேண்டியதாயிற்று.

“நோட்டீசுல இருக்குறவருகிட்டயே வாங்கிக்கங்க மாமா. எங்கிட்ட வாங்கணும்னா எம்பேருல ரசீது போடுங்க.”

ராக்காயி வீட்டிலும் அதே பதில்தான் கிடைத்தது. மறுநாள் காலை அவர் கடைக்கு வந்து, நீ அடித்ததையே அடித்துக் கொடு என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மதுவெடுப்பன்று மைக்கில் தலைக்கட்டு வாரியாகக் குடங்களை அழைத்தார்கள். ‘மேலத்தெரு செவந்தி வீட்டுக் குடம்’ என்று முத்துராமன் முனகியதும் காவ்யா குடத்தோடு முன்னால் வந்தாள். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று செவந்தி இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னாள்.