துரைக்கு வயிறு சரியில்லை

துரைக்கு வயிற்றால் போக ஆரம்பித்த அன்றுதான், இந்தியாவுக்கு வந்தது தப்பு என்று அம்மா முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். கப்பலில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தபோது சொல்லவில்லை. மண்டபம் முகாமில் தண்ணீருக்கு வெயிலில் நின்றபோது சொல்லவில்லை. நீலகிரிக் குளிரில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் பழுத்தபோதுகூடச் சொல்லவில்லை. வீட்டில் இருந்த நல்ல கம்பளியின் மேல் துரை போய் வைத்ததும் சொல்லிவிட்டாள்.

துரை என்றால் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கறுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், மறு காது யோசித்துக்கொண்டிருக்கும். அப்பா ஏதோ வேலையாக ஊட்டிக்குப் போனவர், வரும் வழியில் ஒரு படுகரின் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் நாய் குட்டி போட்டிருப்பதைப் பார்த்து, கேட்டு வாங்கி, கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அந்த வாரம்தான் வீட்டுக்குப் பின்னால் அம்மா நட்டிருந்த கோவாவைக் காட்டுப்பன்றி வேரோடு பெயர்த்துத் தின்றிருந்தது. முட்டைக்கோஸுக்கு எங்கள் பேச்சில் கோவா என்றுதான் பெயர். அதைக் காக்கத்தான் ஆள் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி அப்பா கோட்டைத் திறந்தார். உள்ளே காவல்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பெயர் வைத்ததும் அப்பாதான். "அங்கிட்டு துரையக் கண்டா நான் தலப்பாவ அவுத்துட்டு நின்னேன். இங்கிட்டு துரை என்னையக் கண்டா வால ஆட்டட்டும்" என்றார். அம்மா சிரிக்கவில்லை. "துரைக்கு யாரு வடிச்சுக் கொட்டுறது?" என்றாள்.

அந்தக் கவலை அவளுக்கு வேண்டியதே இல்லை. வடித்துக் கொட்ட லயமே காத்திருந்தது.

எங்கள் லயத்தில் எல்லோருமே கடலுக்கு அந்தப் பக்கம், அந்த நாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். புதிதாக ஒரு குடும்பம் லாரியில் வந்து இறங்கினால் அவர்களிடம் விறகு இருக்காது, அரிசி இருக்காது, அடுப்பு எந்தப் பக்கம் புகையும் என்றுகூடத் தெரியாது. அதனால் அவர்கள் வீட்டு அடுப்பு ஒழுங்காகப் பற்றும் வரை ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒரு தட்டு போகும். யாரும் உத்தரவு போட்டதில்லை. நாங்கள் வந்து இறங்கியபோதும் அப்படித்தான் தின்றோம். பெயர் தெரியாதவர்கள் சுட்ட ரொட்டியை, முகம் தெரியாத இருட்டில், அழுதுகொண்டே தின்றோம். அழுதது அம்மா. நான் தின்றேன்.

துரை வந்த சாயங்காலம் பக்கத்துக் காம்பரா மாமா ஒரு துண்டு ரொட்டியோடு எட்டிப் பார்த்து, "புதுசா ஒரு ஆளு எறங்கியிருக்காமே!" என்றார். பகடியாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் லயத்தில் பகடி என்றாலும் தட்டு என்றால் தட்டுதான். ஒரு காம்பரா கொடுத்த பிறகு இன்னொரு காம்பரா சும்மா இருக்குமா? ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. கருவாட்டுத் தலை வந்தது. ரேஷன் பால்மாவைக் கரைத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். யாரோ எங்கிருந்தோ ஒரு ஆட்டெலும்பைக்கூடக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்து எனக்கே எச்சில் ஊறியது. துரை எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தவர்களை மதித்து எல்லாவற்றையும் தின்றார். பிறகு எல்லாவற்றையும் எங்கள் காம்பரா முழுக்கத் திருப்பித் தந்தார்.

வெளியே கட்டவும் வழியில்லை. நாங்கள் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்து வாட்ச்மேனின் நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போயிருந்த சமயம். ஒரே அறை. அதில்தான் அடுப்பு, படுக்கை, அப்பா, அம்மா, தங்கச்சி, நான், துரையின் வயிறு. காலையில் எழுந்ததும் காலை எங்கே ஊன்றுவது என்பது பெரிய பிரச்சினையாகிவிட்டது. நான் மட்டும் தினமும் சரியாக அதிலேயே ஊன்றுவேன். அந்த விஷயத்தில் எனக்கு ஒரு திறமை இருந்தது. படிப்பில் அது இல்லாததால்தான் மூன்றாம் வகுப்போடு என்னை வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

"இன்னைக்கு எங்கடா?" என்று அம்மா படுக்கையிலிருந்தே கேட்பாள்.

"அடுப்புக்கிட்டம்மா."

"தொரை அடுப்பங்கரைக்கு வந்துட்டாரா! நாளைக்கு சட்டிக்குள்ளயே எறங்கிருவாரு!"

அப்பாவுக்கு ஒரு வைத்தியம் தெரியும். வயிறு இளகினால் பால் சேர்க்காத கடும் தேத்தண்ணி. தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு வேறென்ன தெரியும்? பேக்டரித் தூளை நன்றாகக் காய்ச்சி, தார் மாதிரி இறக்கி, துரையின் வாயில் ஊற்றினார். துரையின் வயிறு நிற்கவில்லை, துரையும் நிற்கவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு சுவர் ஓரமாகச் சுற்றிச் சுற்றி ஓடினார். ஓடிக்கொண்டே போனார். அதுவரைக்கும் தரையை மட்டும்தான் கழுவ வேண்டியிருந்தது.

அதற்கு மறுநாள் துரை எழுந்திருக்கவில்லை. சாக்கின் மேல் ஒருக்களித்துக் கிடந்தார். கூப்பிட்டால் வால் நுனி மட்டும் அசைந்தது. மூக்கு காய்ந்திருந்தது. தங்கச்சி, "துரை செத்துப்போயிருமா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். "இன்னைக்கு ஒரு நாளு பாப்பேன். அப்புறம் அந்தக் கெழங்குத் தோட்டத்துலயே கொண்டுபோய் விட்டுருங்க. புள்ளைங்க கண்ணு முன்னால சாகக் கூடாது" என்றாள். அதைக் கேட்டதும் நானும் அழுதேன். துரையைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் லயத்திலேயே அதிகம் திட்டு வாங்குகிற ஆள் மறுபடியும் நான்தான்.

சொன்னாளே தவிர, சும்மா இருக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தரதரவென்று தோட்டத்து மருந்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஆட்களுக்கு மட்டும்தான் மருந்து. நாய்க்கென்று கேட்டால் கம்பவுண்டர் விரட்டிவிடுவார்.

கம்பவுண்டர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். மெதுவாகப் பேசுவார். "வாங்க. பையனுக்கு என்னங்க பண்ணுது?"

"வயித்தால போகுதுங்க. கக்குறான்" என்றாள் அம்மா.

"என்னங்க தின்னான்?"

அம்மாவுக்கு ஒரு பொய்க்கு மேல் வராது. மற்றதெல்லாம் உண்மையாகவே சொன்னாள். "ரொட்டி, சம்பலு, பால்மா, கருவாட்டுத் தலை, ஆட்டெலும்பு…"

"எலும்புங்களா?" கம்பவுண்டர் குனிந்து என் பல்லைப் பார்த்தார்.

"ஆமாங்க. சாக்குல சுருண்டே கெடக்கான். செவத்தப் போட்டு நக்குறான்."

கம்பவுண்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். "ஏனுங்க, இத்தினியூண்டு வயித்துக்கு ஊரே விருந்து வெச்சா அது என்னங்க பண்ணும்? ஒரு வேளைக்குச் சும்மா காயப் போடுங்க. காய்ச்சி ஆற வெச்ச தண்ணி மட்டும் குடுங்க. அப்புறம் அரிசிக் கஞ்சி, கொஞ்சங் கொஞ்சமா. வேற ஒண்ணும் வாயில வெக்கப்படாது, ஆமா."

சொல்லிவிட்டு ஒரு சீசாவிலிருந்து சுண்ணாம்புக் கலரில் எதையோ ஊற்றினார். அம்மா அவசரமாக, "ஊட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்துக்கிறேங்க" என்று கையை நீட்டினாள். "எங்க முன்னாலயே குடிக்கட்டுங்க. ஊட்டுக்குப் போனா பசங்க கொட்டிப்போடுவாங்க" என்றார் அவர்.

குடித்தேன். ஆணியை ஊறவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. வாயைத் திறந்தேன். அம்மா பார்த்தாள். மூடிக்கொண்டேன். துரைக்கு வந்த நோய்க்கு நான் மருந்து குடித்தாயிற்று. இனி அவர் பிழைப்பது அவர் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

கஞ்சி என்பது சுலபமான வைத்தியம்தான். ஆனால் வாசலில் தட்டு நிற்காமல் வந்துகொண்டிருந்தது. புது ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் லயம் இன்னும் உருகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. நாங்கள் வந்து இறங்கிய அன்றைக்குச் சோறு போட்ட கைகள்தான் அத்தனையும். அந்தத் தட்டைத் திருப்பினால் முகத்தில் அடித்த மாதிரி. அம்மா ஒவ்வொரு தட்டையும் சிரித்துக்கொண்டே வாங்கினாள். கதவைச் சாத்தினாள். என் முன்னால் வைத்தாள்.

"தின்னு."

"இது துரைக்கு வந்ததும்மா."

"துரைக்குக் கஞ்சி. நீ தின்னு. தட்ட வழிச்சுக் குடுக்கணும், வெளங்குதா?"

நன்றாகவே விளங்கியது. சம்பல், பருப்பு, கருவாடு எல்லாம் விளங்கியது. துரை மூலையில் கஞ்சியை நக்கிக்கொண்டு என்னை முறைப்பார். பாவம் அவர், தன் பெயரைச் சொல்லி வந்த விருந்தை இன்னொருத்தன் அடிப்பதைப் பார்த்தபடியே தேறிக்கொண்டு வந்தார். மூக்கில் ஈரம் வந்தது. எழுந்து நின்றார். அன்றைக்கு நான் படுத்தேன்.

எனக்கு நிஜமாகவே வயிற்றால் போனது. கம்பவுண்டரிடமும் போக முடியாது. அந்த நோய்க்கு மருந்து ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. மழையில் கக்கூசுக்கும் காம்பராவுக்கும் ஓடினேன். சில தடவை போய்ச் சேர்ந்தேன். அம்மா என்னையும் துரையையும் ஒரே வாளித் தண்ணீரில் மாற்றி மாற்றிக் கழுவினாள். கழுவி நிமிர்ந்த நேரத்தில்தான் வாசலில் அடுத்த தட்டு வந்து நின்றது.

கொண்டுவந்தவள் கடைசிக் காம்பரா பெரியம்மா. எங்களுக்கு உறவில்லை, லயத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதாவது ஒரு முறை. அவள் தனியாக வந்தவள். அவள் தட்டுதான் எப்போதும் பெரியது, குவித்து வைத்தது.

"துரைக்குச் சூடாக் கொண்டாந்தேன்…"

"கொண்டு போங்கக்கா!" என்று அம்மா கத்தினாள். லயம் முழுக்கக் கேட்டது. "இது நாய்க்குட்டியா, கோயில் உண்டியலா? வாறவங்க எல்லாம் போட்டுட்டுப் போறீங்களே! கொல்லணும்னே ஆக்கிக் கொண்டாறீங்களா? என்னால கழுவ ஏலாது. கழுவிக் கழுவிக் கை விட்டுப்போச்சு. கொண்டு போங்க!"

பெரியம்மா தட்டில் மழை விழாமல் முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பிப் போனாள். ஒவ்வொரு காம்பராவாகக் கதவு சாத்திக்கொண்டது.

அன்றைக்கு அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "எல்லாரையும் சொல்லலாம்டி. அவளப் போய் ஏன் சொன்ன? அவ மூணு புள்ளைக்கும் அந்த நாட்டுப் பிரஜாவுரிமை, அங்கயே தங்கிட்டாங்க. அவளுக்கு மட்டும் இந்தியா. யாருக்குத்தான் ஆக்குவா?"

படுக்கையில் சுருண்டு கிடந்த எனக்கு அதைக் கேட்டதும், அந்த மூன்று பேரின் மேல் பொறாமைதான் வந்தது. அங்கே குளிருமில்லை, கஞ்சியுமில்லை, கண்டிக்க அம்மாவுமில்லை.

அடுத்த சில நாட்கள் எங்கள் வாசலுக்கு ஒரு தட்டும் வரவில்லை. கொழுந்து எடுக்கும் இடத்தில் அம்மாவோடு யாரும் பேசவில்லையாம். துரைக்கும் எனக்கும் ஒரே சட்டியில் கஞ்சி. எனக்கு உப்பு கொஞ்சம் கூடப் போட்டிருந்தாள். மனிதனாகப் பிறந்ததற்கு அவ்வளவுதான் சலுகை.

ஒரு காலையில் அப்பா கோவா பாத்தியிலிருந்து கூச்சல் போட்டார். "ஓடியாங்க! எல்லாரும் ஓடியாங்க!" காட்டுப்பன்றி என்று நினைத்து விறகுக்கட்டையோடு ஓடினோம். அப்பா தரையைக் காட்டினார். துரை போயிருந்தார். கெட்டியாக, உருண்டையாக, பார்க்கவே கௌரவமாக.

"கெட்டியா இருக்குடி!" என்றார் அப்பா. கண்ணில் தண்ணீர் நின்றது.

சத்தம் கேட்டு லயமே வந்துவிட்டது. கோபத்தில் இருக்கிறோம் என்பதை எல்லோரும் மறந்துபோய், தூறலில் வட்டமாக நின்று அதைப் பார்த்தார்கள். பக்கத்துக் காம்பரா மாமா குனிந்து பார்த்துவிட்டு, "சரியான துரைத்தனமாத்தான் இருக்கு" என்றார். அம்மாவும் சிரித்துவிட்டாள். என்னுடையதும் அன்றைக்குத்தான் கெட்டிப்பட்டிருந்தது. அதைப் பார்க்க யாரும் வரவில்லை.

கடைசிக் காம்பரா கதவு மட்டும் திறக்கவில்லை. அம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் என் முகத்தைக் கழுவிவிட்டு, தலையை வாரிவிட்டாள். "பெரியம்மா ஊட்டுக்குப் போ. பசிக்குதுன்னு சொல்லு."

"எனக்குப் பசிக்கலையேம்மா."

"பசிக்குதுன்னு சொல்லுடா! அங்கயே ஒக்காந்து தின்னுட்டு வா."

போய்ச் சொன்னேன். பெரியம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பலகையை எடுத்துப் போட்டாள். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் எனக்கு அதுதான் வேலை. நான் செய்ததிலேயே திருத்தமாகச் செய்த வேலை. அவள் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்ப்பாள். தட்டு காலியாவதற்கு முன்னால் அகப்பை வந்துவிடும். சட்டி வழித்துத் துடைத்த மாதிரி ஆன பிறகுதான் எழுந்து போய்க் கழுவிக் கவிழ்ப்பாள்.

ஒரு நாள் மூன்றாம் தடவை சோறு வாங்கும்போது கேட்டேன். "ஒரு ஆளுக்கு எதுக்கு பெரியம்மா இத்தாம் பெரிய சட்டி?"

"சின்னச் சட்டிக்கு அளவு தெரியாதுடா எனக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். "இம்புட்டு வயசாகியும் பெரியம்மாவுக்கு ஒரு ஆளுக்குச் சோறாக்கத் தெரியலம்மா!"

அம்மா அகப்பைக் காம்பால் முதுகில் ஒன்று வைத்தாள். அடித்தவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவும் ஏன் அடித்தாய் என்று கேட்கவில்லை.

மூன்றாம் தடவை வாங்கித் தின்றதற்குத்தான் அடி என்று நானாகவே முடிவுகட்டினேன். மறுநாள் இரண்டாம் தடவையோடு போதும் என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். பெரியம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி சட்டிக்குள் மிச்சம் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொல்லாமலே திருந்திவிட்ட பெருமையில் நான் கை கழுவப் போனேன்.