தானாக மூடும் கதவு

உத்திராபதியால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்து சைக்கிளை எடுத்துவிடுவார். பட்டினச்சேரிக்கு மேற்கே, வாய்க்கால் கடலை ஒட்டி முடியும் கடைமடையில் அவருடைய வயல். கடல் தண்ணீர் வாய்க்கால் வழியே ஏறி வந்து, அடுத்தடுத்து இரண்டு சம்பா கருகிப்போனது.

அப்போதுதான் அரசு ஒரு திட்டம் அறிவித்தது. கடலோர வயல்களில் உப்பு ஏறுவதைத் தடுக்க யாரிடம் யோசனை இருந்தாலும் கொண்டு வரலாம். ஒரு பருவம் அரசு செலவிலேயே வயலில் சோதிப்பார்கள். பலித்தால் மற்ற ஊர்களிலும் வைப்பார்கள். காரைக்கால் பொறியாளர் சில்வியாவின் யோசனை தேர்வானது. தண்ணீரில் உப்பு கூடினால் தானாக இறங்கி மூடும் இரும்புக் கதவு அது. இடம் பார்க்க வந்தவர் உத்திராபதியிடம் கேட்டார்:

"இது பாசன வாய்க்காலா, வடிகாலாங்கய்யா?"

கடைமடையில் இரண்டும் ஒன்றுதான். ஆற்றில் தண்ணீர் வந்தால் பாயும், மழை பெய்தால் வடியும். ஆனால் திட்டம் பாசனத்துக்கு மட்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கதவு வேறு ஊருக்குப் போய்விடுமோ என்ற பயத்தில், "பாசனந்தாம்மா" என்றார்.

கதவு வந்தது. ஐப்பசி வரை நன்றாகவே வேலை செய்தது. அது இறங்கும்போதெல்லாம் அவருடைய கைபேசி ஒலிக்கும், இவர் ஓடுவார்.

"என்னைக் கட்டிக்கிட்டீங்களா, அந்தக் கதவைக் கட்டிக்கிட்டீங்களா?" என்பார் மனைவி தையல்நாயகி.

கார்த்திகையில் விடாத மழை. கதவுக்கு வெளியே கடல் ஏறியதும் கதவு மூடிக்கொண்டது. கடல் இறங்கிய பிறகும், வெளியே தங்கிய தண்ணீர் உப்பாகவே இருந்ததால் திறக்கவில்லை. உள்ளே மழைத் தண்ணீர் வடிய வழியின்றிப் பயிர் மூழ்கத் தொடங்கியது. கூப்பிட்டதும் சில்வியா நனைந்துகொண்டே வந்தார்.

"கையால தூக்கிடட்டுமாம்மா?"

"தூக்கினா சோதனை செல்லாதுங்கய்யா. தோத்தா ஒண்ணும் கேக்க மாட்டாங்க, கை வெச்சாத்தான் கேப்பாங்க. அடுத்து பூவம் கிராமத்துல வைக்கிறதா இருக்கு. அதுவும் நின்னுடும்."

"பயிர் செத்தா மட்டும் செல்லுமா?"

"வடிகால்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, உள்ள நிக்கிற தண்ணி மட்டம் பாத்துத் திறக்குற மாதிரி செஞ்சிருப்பேனே!"

"சொல்லியிருந்தா நீ வேற ஊரு பாத்துக்கிட்டுப் போயிருப்ப."

"யாருங்க சொன்னா? வடிகாலுக்கும் திட்டத்துல இடம் உண்டு."

உத்திராபதி கதவைத் தூக்கும் சக்கரத்தைப் பிடித்தார்; விட்டார்; மறுபடி பிடித்துச் சுற்றினார். சில்வியா தடுக்கவில்லை. கைபேசியில் படம் எடுத்தார்.

"யாரு தூக்கினதுன்னு எழுதியாகணும்."

"எழுதும்மா. எதுக்குன்னும் சேத்து எழுது."

மழை ஓயும்வரை, கடல் இறங்கும்போது தூக்குவதும் ஏறும்போது இறக்குவதுமாக அவர் கதவடியிலேயே கிடந்தார். பள்ளத்து வயல் அழுகியது, மற்றது பிழைத்தது.

ஆனாலும் அவரால் உட்கார முடியவில்லை. "பூவத்துக்காரங்களுக்கு என்னம்மா முடிவு?" என்று தினமும் சில்வியாவைக் கேட்டார். சோதனையை முடிவு செய்யும் அரசுக் குழு இன்னும் கூடவில்லை என்பதுதான் பதில். பொறுக்க முடியாமல் ஒருநாள் பஸ் ஏறிப் பூவத்துக்கே போனார். நிறுத்தத்து டீக்கடையில் இருந்தவர்களிடம், உட்காராமலே சொன்னார்:

"கதவைத் தூக்கினது நான்தாங்க."

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தி, "எந்தக் கதவுங்க?" என்றார்.