புகார்ப் பிரிவில் அத்தான்

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அத்தான் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாமல் வாயை மூடியதில்லை. மேலாண்மைக் கல்லூரியில் 'வாடிக்கையாளர் உறவு' பாடம் நடத்துகிறவர். வீட்டில் குழாய் ஒழுகினாலும், "இதுல மூணு பாயிண்ட் இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் அக்கா வாளியை வைத்துவிடுவாள்.

இந்த வருடம் கல்லூரி முதல்வர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். "உங்க பிள்ளைங்க நல்லா பேசுறாங்க, வேலைக்குத்தான் ஆகல" என்று கம்பெனிகள் கையை விரித்துவிட்டனவாம். அதனால் விடுமுறையில் அத்தான் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, நல்ல பேர் வாங்கி வரவேண்டும். இல்லாவிட்டால் அவருடைய பாடத்தையே எடுத்துவிடுவார்கள். பாவம், அந்தப் பாடத்தை விட்டால் மனிதருக்கு வேறு உலகம் கிடையாது.

நான் கணக்குப் பிரிவில் இருக்கும் ஃபிரிட்ஜ் கம்பெனிக்கே வந்து சேர்ந்தார். புகார்ப் பிரிவில் உட்கார வைத்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து நான் வேடிக்கை பார்த்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பேச்சு முழுக்கக் காதில் விழுந்தது.

"உங்க பிரச்சினைய மூணா பிரிச்சுக்கலாம்மா" என்றார். லைன் கட்டானது. அடுத்த ஆளும் வைத்துவிட்டார்.

பிறகு ஒரு பெண் பேசினார். "காலையிலேர்ந்து ஃபிரிட்ஜ் ஓடல. எங்கம்மாவோட இன்சுலின் உள்ள இருக்கு. கெட்டுப் போயிருக்குமா?"

அத்தானுக்குப் பாயிண்ட் ஒன்றும் வரவில்லை. "தெரியலைங்க. விசாரிச்சிட்டு நானே கூப்பிடுறேன்" என்றார். மருந்துக் கடைக்காரரிடமும் மெக்கானிக்கிடமும் கேட்டுவிட்டு, சொன்னபடியே கூப்பிட்டார். "மருந்து கெடலைங்க. சூடு படாத இடத்துல வைங்க. ஆள் கிளம்பியாச்சு."

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்க யாரும் திரும்பக் கூப்பிடுறதே இல்ல சார். இத வகுப்புல சொல்லித் தர்றீங்களா?"

"எங்க சார்? தெரியலைன்னு எழுதுற பிள்ளைங்களுக்கு நான் சைபர்தானே போட்டுட்டிருக்கேன்."

அவர் குரல் இறங்கிப்போனதைக் கேட்டு எனக்கே கஷ்டமாக இருந்தது. மேனேஜர் நல்லபடியாகவே எழுதிக் கொடுத்தார். பாடம் தப்பியது.

இந்தத் தடவை அத்தான் வைத்த பரீட்சையில் ஒரே கேள்வி: கல்லூரி கேன்டீன் ஃபிரிட்ஜ் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது? தெரியாதவர்கள் விசாரித்துவிட்டு, மாலைக்குள் அவர் வீட்டுக்கு வந்து சொல்லலாம்.

மாலையில் அக்கா போன் செய்தாள்.

"வாசல்ல பிள்ளைங்க வரிசையா நிக்குதுங்கடி. ஆளுக்கொரு பதில் சொல்லுது. எது சரின்னு உங்க அத்தானுக்கே தெரியலையாம். விசாரிக்கப் போயிருக்காரு."