ஊற்று தூங்குகிறது

1. சைக்கிளும் நாலு கேனும்

மரக்காணம் உப்பளத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய் விற்ற முதல் ஆள் நான்தான். வேறு யாராவது தான்தான் என்று சொன்னால் நம்பாதீர்கள். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாம் வகுப்போடு ஒத்துவராமல் போயிற்று. இன்றைக்கு இரண்டு டேங்கர் லாரி ஓடுகிறது. இரண்டிலும் கோவிந்தன் என்று என் பெயர்தான், முன்னாலும் பின்னாலும்.

முதல் நாள் சைக்கிள் கேரியரில் நாலு கேனைக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினேன். பங்குனி வெயில். பாத்தியெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. தூரத்தில் ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவருக்கும் கால் இல்லை. முழங்காலுக்குக் கீழே ஒரே தண்ணீராக மினுமினுத்தது. அத்தனை பேரும் காற்றில் மிதந்தபடி வாரிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தண்ணீரில் நிற்கிறவர்களுக்கா நான் தண்ணீர் விற்கப் போகிறேன் என்று சைக்கிளைத் திருப்பப் பார்த்தேன். அப்புறம் மனசு கேட்காமல் மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். நான் போகப் போகத் தண்ணீர் பின்வாங்கியது. அவர்களுக்குக் கால் முளைத்தது. எல்லாம் கானல்.

அங்கிருந்த மேஸ்திரி ஒரு சொம்பை நிறுத்தாமல் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

"டேய், இது இன்னா, தண்ணியா கனாவா? நாளிக்கும் கொண்டாருவியா?"

"கொண்டாறேன்" என்றேன். அன்றிலிருந்து போன கோடை வரைக்கும் தண்ணீர் கேட்ட யாரிடமும் 'இல்லை' என்று நான் சொன்னதில்லை. புயல் வாரத்திலும் சொன்னதில்லை. அதற்காகவே முதல் காசில் வீட்டில் ஒரு தொட்டி கட்டினேன். தங்கத்தில் மோதிரம் அப்புறம்தான் போட்டேன்.

2. கவிழ்த்த குடம்

தண்ணீர் எங்கிருந்து என்று கேட்பீர்கள். மீனவர் குப்பத்துக்குப் பின்னால் மணல்மேட்டில் ஓர் உறைகிணறு இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் இளநீர் மாதிரித் தண்ணீர். சுற்றுவட்டாரத்தில் எங்கே போர் போட்டாலும் உவர்தான். இங்கே மட்டும் மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் பாய் விரித்துப் படுத்திருக்கிறது. மெதுவாக மொண்டால் நல்ல தண்ணீர் வரும். அவசரப்பட்டு இழுத்தால் கீழே இருப்பது எழுந்து வந்துவிடும். வந்துவிட்டால் லேசில் திரும்பிப் போகாது.

அதனால் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் நாக்கில் துளி கரித்தாலும், பார்த்த பெண் தன் குடத்தைக் கிணற்று விளிம்பில் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவாள். ஊற்று தூங்குகிறது என்று அர்த்தம். குடம் நிமிர்கிற வரைக்கும் யாரும் கயிறு விட மாட்டார்கள். எப்போது நிமிரும் என்று கேட்கவும் மாட்டார்கள்.

பெரும்பாலும் கவிழ்ப்பவள் மீன் விற்கும் அஞ்சலாட்சி அக்கா. நான் டேங்கரோடு போய் நிற்பேன். அவள் தொட்டில் பக்கத்தில் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்திச் சொல்வாள்: "கோயிந்தா, வண்டிய ஆஃப் பண்ணு. அது தூங்குது."

நானும் இன்ஜினை நிறுத்திவிட்டு, சரிவில் நியூட்ரலிலேயே உருட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். அவ்வளவு பெரிய லாரி சத்தமே இல்லாமல் மணல்மேட்டிலிருந்து இறங்குவதைப் பார்த்தால் உங்களுக்கும் தூக்கம் வரும். உப்பளத்துக்கு அன்றைக்கு என் வீட்டுத் தொட்டித் தண்ணீர் போகும்.

3. பின்வாங்காத தண்ணீர்

போன கோடையில், உப்பு வாராமல் விட்ட வடக்குப் பாத்திகளில் சோலார் பிளான்ட் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. ஊரில் ஆளுக்கொரு கவலை. வேலி போட்டுவிட்டால் கடலுக்குப் போகிற வழி என்ன ஆகும், உப்பளக் கூலிக்காரர்களுக்கு அதில் என்ன வேலை கிடைக்கும், மழைக்காலத்தில் அங்கே இறங்குகிற பறவைகள் எங்கே போகும். கவலை இல்லாத ஒரே ஆள் நான்தான்.

ஒருநாள் அந்தப் பக்கமாக லாரியில் போனேன். காய்ந்த பாத்தியில் நீளமாகத் தண்ணீர் நின்றது. யாரோ மதகைத் திறந்து விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். கானலாக இருந்தால் கிட்டே போனதும் பின்வாங்கியிருக்கும். இது பின்வாங்கவில்லை. அதில் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு கொக்கு ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. மாதிரிக்கு வைத்த பேனல் வரிசை.

கம்பெனியின் இன்ஜினியர், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், கொடி கட்டின கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று சிரித்தாள். தானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னாள். நல்ல பெண். உப்புக் காற்றில் பேனல் மேல் வெள்ளை பூத்துவிடும், பூத்தால் வெயில் ஏறாது, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும் என்று விளக்கினாள். பிளான்ட் வந்தால் தண்ணீர் கான்ட்ராக்ட் உள்ளூர் ஆளுக்குத்தான் என்றாள்.

"நெறைய லோடு வேணுங்க. உங்களால முடியுங்களா?"

"யார்கிட்ட கேக்குற தாயி? கடல் அளவு கேட்டாலும் நல்ல தண்ணியா கொண்டாந்து ஊத்துவான் இந்தக் கோயிந்தன்."

அன்று மதியம் டேங்கர் நிழலில் துண்டை விரித்துப் படுத்தேன். கனவில் கண்ணுக்கெட்டிய மட்டும் பேனல். மூன்றாவது லாரி, நாலாவது லாரி என்று வரிசையாக நிற்கின்றன. நான் ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கழுவிக்கொண்டே போகிறேன். கழுவக் கழுவ ஒவ்வொன்றிலும் என் முகம். எத்தனை கோவிந்தன்கள்! எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தாகமெடுத்து ஹோஸை வாயில் வைத்தேன். தண்ணீர் கரித்தது. விழித்துப் பார்த்தால் உதட்டில் வியர்வை. வியர்வைதான் என்று துடைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

4. பந்தல்

ஊராரின் கருத்தைக் கேட்கக் கம்பெனி பந்தல் போட்டது. குடிக்க எவர்சில்வர் குடத்தில் தண்ணீர். நான் கொடுத்த தண்ணீர். இன்ஜினியர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடலுக்கு வழி விடுவோம், உள்ளூர் ஆட்களை வேலைக்கு எடுப்போம், பறவைகளைப் பற்றித் தெரிந்தவர்களைக் கேட்டுச் சொல்கிறோம் என்றாள். கடைசியில் குப்பத்து ஆள் ஒருவர், கழுவத் தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டார். அவள் மேஜைக்குப் பின்னால் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைக் கை காட்டினாள்.

நான் எழுந்து துண்டைச் சரி செய்துகொண்டேன். "தண்ணியப் பத்தி யாரும் கவலப்படாதீங்க. நான் இருக்கேன்."

பெண்கள் வரிசையிலிருந்து அஞ்சலாட்சி அக்கா எழுந்து வந்தாள். குடத்திலிருந்த தண்ணீரை முன் வரிசையில் இருந்த உப்பளத்துப் பெண்களுக்கு டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு காலிக் குடத்தைக் கொண்டுவந்து என் எதிரே மேஜையில் கவிழ்த்தாள். சத்தமே வரவில்லை.

"கோயிந்தா, தூங்குற புள்ளைய எழுப்பி எங்க கூட்டிக்கினு போற?"

உப்பளத்துப் பெண்கள் காலி டம்ளரோடு என்னைப் பார்த்தார்கள். கனவில் குடித்த கரிப்பு நாக்குக்குத் திரும்பி வந்தது. அந்தக் கிணறு ஒரு தடவை உவர் ஏறிவிட்டால், நாலு லாரி வைத்துக்கொண்டு எதை ஏற்றுவேன்? இவர்களுக்கு எதை ஊற்றுவேன்?

இன்ஜினியர் என் பக்கம் குனிந்து, "என்னங்க சொல்றாங்க?" என்றாள்.

"எங்கிட்ட தண்ணி இல்லீங்க" என்றேன்.

பின்னாலிருந்து ஒருவன், "தண்ணி கோயிந்தனே இல்லன்னுட்டாரு, எழுதிக்கோம்மா" என்றான். பந்தலே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் எழுதிக்கொண்டாள். தண்ணீர் இல்லாமல் பிரஷ்ஷால் துடைக்கிற மெஷின் இருக்கிறதாம், செலவு அதிகமாம். அந்தக் கிணற்றில் கம்பெனி கை வைக்காது என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். மெஷினுக்கு மேலிடம் சம்மதித்தால்தான் பிளான்ட்டே என்றும் சொன்னாள். மேலிடம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

மாதிரி பேனல்கள் அங்கேயேதான் இருக்கின்றன. உப்புப் பூத்து, இப்போது அதுவும் ஒரு பாத்தி மாதிரி வெள்ளையாகக் கிடக்கிறது. கொக்கு ஏமாறுவதில்லை. நானும் இறங்கி ஓடுவதில்லை.

தண்ணீர்த் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். லாரி வாங்குவது பெரிய விஷயம் இல்லை, அதை நானே செய்துவிட்டேன். கிணற்றைக் கேட்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால், நாலு பேர் நடுவில் நின்று அதைத் திரும்ப எடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். மரக்காணத்தில் கான்ட்ராக்ட் கைக்கு வரும்போது தண்ணீர் இல்லை என்று சொன்ன முதல் தண்ணீர்க்காரன் நான்தான். வேறு யாராவது தான்தான் என்று சொன்னால், அதையும் நம்பாதீர்கள்.