ரேடியேட்டரில் உப்புத் தண்ணீர்

கல்யாணத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எனக்கு வேலை. லாரிக்கு எந்த ஆயில், டிராக்டருக்கு எது, மண் வெட்டும் பொக்லைனுக்கு எது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான்தான் எடுத்துக் கொடுப்பேன். பாதிப் பேர் டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்கவே மாட்டார்கள். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, "கெட்டியா இல்லியேம்மா" என்பார்கள். இட்லி மாவா அது? ரொம்பக் கெட்டியான ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினுக்குள் மேலே ஏறிப் போய்ச் சேரவே நேரமாகும். அதற்குள் இரும்பும் இரும்பும் உரசித் தேய்ந்துகொண்டிருக்கும். வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன்.

என்னைக் கட்டிக் கொடுத்தது கடலூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் ஒரு விசைப்படகில் பங்கு வைத்திருந்தார்கள். அண்ணன்தான் படகுக்கு டிரைவர். மீன்பாடு குறைந்துபோனதும் பங்கை விற்றுவிட்டு, செகண்ட் ஹாண்டில் ஒரு பொக்லைன் வாங்கினார்கள். கிள்ளைப் பக்கம் இறால் குட்டை வெட்டுகிற வேலை நிறையக் கிடைத்தது. என் வீட்டுக்காரர்தான் ஓட்டினார். அந்த வண்டி மேல் அவர்கள் இரண்டு பேரைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். அது ஓடினால் அவர் சாயங்காலம் வீட்டுக்கு வருவார். அது நின்றால் ஊரில் மற்ற ஆண்களைப் போல அவரும் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிடுவார். எனக்கு அவர் பக்கத்தில் வேண்டும். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

ஆயில் விஷயத்தில் முதல் சண்டை வந்தது. மூத்தார், அதாவது அவருடைய அண்ணன், துறைமுகத்தில் பேரலிலிருந்து பிடித்துத் தரும் கெட்டி ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்றார். வண்டியோடு வந்த புத்தகத்தில் பதினைந்து-நாற்பது என்று, அவ்வளவு கெட்டியில்லாத ஆயிலின் நம்பர்தான் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் மூத்தாரோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் இல்லை. அவர் உள்ளே வந்தால் நான் எழுந்து கதவோரம் போய்விட வேண்டும். சொல்ல வேண்டியதை வீட்டுக்காரர் காதில் சொன்னால் அவர் போய்ச் சொல்வார். சொன்னதில் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும், மீதி கெஞ்சலாகப் போய்ச் சேரும். எப்படியோ அந்தத் தடவை நான் சொன்ன ஆயில் வந்தது. ஒரு வாரத்தில் அது கறுத்ததும், "பாத்தியா, மட்டமான சரக்கு" என்றார் மூத்தார். எஞ்சினுக்குள் இருக்கிற கரியை ஆயில் வழித்தெடுத்தால் கறுக்கத்தான் செய்யும். இதை நான் கதவிடம்தான் சொல்ல முடிந்தது.

எஞ்சின் சூட்டை ஆற்ற ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காது. "நம்மூர்ல என்னா பனிக்கட்டியா கொட்டுது? என் போட்டுக்கு எந்தக் கூலண்ட் ஊத்துனேன்? தண்ணிதானடா எஞ்சினை ஆத்துது?" என்பார். அவர் படகு பழைய படகு. அதில் ஒரு பக்கம் கடல் தண்ணீர் எஞ்சினுக்குள் போகும், சூட்டை வாங்கிக்கொண்டு மறுபக்கம் கடலிலேயே கொட்டும். அதற்கென்றே செய்த எஞ்சின் அது. பொக்லைனில் ரேடியேட்டருக்குள் ஊற்றியது அதற்குள்ளேயேதான் சுற்றிச் சுற்றி வரும். கூலண்ட் கொதிக்காமலும் பார்த்துக்கொள்ளும், துருப் பிடிக்காமலும் பார்த்துக்கொள்ளும். பாதிக்குப் பாதி, உப்பே இல்லாத பேட்டரித் தண்ணீர் கலந்து நானே ஊற்றிக் கொடுப்பேன்.

வெயில் காலத்தில் ஒரு நாள் கிள்ளையிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தார். ரேடியேட்டர் ஹோஸ் குழாய் ஒழுகிக் கூலண்ட் இறங்கிவிட்டது, ஹோஸை இறுக்கியாகிவிட்டது, என்ன செய்வது என்றார். "வண்டிய ஆஃப் பண்ணிட்டு நிழல்ல உக்காருங்க. நான் பஸ்ஸ புடிச்சி கேனோட வந்துர்றேன்" என்றேன். சிதம்பரத்தில் இறங்கி, கேனை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது மறுபடி போன். "நீ வர வேணாம். அண்ணன் வந்துச்சி. சரி பண்ணியாச்சி." என்ன பண்ணினீர்கள் என்று கேட்டேன். "எல்லாம் ஆச்சு, நீ வூட்டுக்குப் போ" என்றார். கனத்த கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

பின்னால்தான் எனக்குத் தெரிந்தது, இறால் குட்டைக்கு உப்புத் தண்ணீர் இறைக்கிற போர்க் குழாயிலிருந்து குடம் குடமாகப் பிடித்து ரேடியேட்டரை நிரப்பியிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் வண்டி அடிக்கடி கொதித்தது. அப்போதும் அவர் என்னிடம் வாய் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் எஞ்சின் நின்றே போனது. நான் போய் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. சூட்டில் எஞ்சினின் மேல் மூடியான ஹெட் வளைந்து, தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கியிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் துருச் சேறு.

முற்றத்தில் நாலு பேர் முன்னால் மூத்தார் சொன்னார்: "எல்லாம் இவன் பொண்டாட்டி ஊத்துன மருந்துத் தண்ணிதான். உள்ள இருக்கறத அரிச்சித் தின்னுடுச்சி." கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று? கேட்ட எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கதவோரம் நின்று வீட்டுக்காரரைப் பார்த்தேன். குடம் பிடித்து ஊற்றியவரே அவர்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

வண்டி இருந்த நிலையிலேயே கைமாறியது. என் வீட்டுக்காரர் விமானம் ஏறினார். குப்பத்தில் இன்றைக்கும் நான் வண்டியை அரித்த மருமகள்தான்.

போன வாரம் வீடியோ காலில் பேசினார். பின்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய இயந்திரம் நின்றது. "இங்க காலையில கூலண்ட் பாக்காம சாவியே குடுக்க மாட்டாங்க. தண்ணி ஊத்துனா வேலையே போயிடும். செக் பண்றது ஒரு பொண்ணுதான், நம்ம வயசுதான் இருக்கும். அவ சொன்னா சொன்னதுதான்" என்றார் பெருமையாக.

"அப்ப உங்க அண்ணனுக்கு ஒரு போனப் போட்டு, உப்புத் தண்ணியாலதான் வண்டி போச்சின்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும்" என்றேன்.

"விடேன். பெரியவங்க. இப்ப போயி சொன்னா அவுங்க மனசு நோவும்ல" என்றார்.

அவுங்க மனசு நோவுமாம். போனை வைத்துவிட்டேன்.