பஹ்ரைன்காரரின் முறை

ஏரிக்கரையிலிருக்கும் எங்கள் தோணிரேவில் அவரைப் பஹ்ரைன்காரர் என்றுதான் சொல்வோம். பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வெயில் இல்லாதபோதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். போன் வந்தால் யார் காதிலும் விழாதபடி தண்ணீரோரம் நடந்துபோய்ப் பேசுவார். அவரை நம்பாமலிருக்க எனக்கு அது ஒன்றே போதும்.

ஒருநாள் டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என் பழைய மொதலாளி ஆள் கேக்கறாரு தம்பி. நீ போறியா?"

வீட்டிலும் அதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி போகச் சொன்னாள். எனக்குப் பாதி மனசுதான்.

"அவ்ளோ நல்ல எடம்னா நீயே போலாமேண்ணா?"

"எனக்கு இங்க பாடு கீதுப்பா."

ஏரியில் இறால் வலை கட்ட எங்களுக்குள் ஆளுக்கொரு நாள் முறை உண்டு. அதுதான் பாடு. ஊரில் இல்லாதவனின் நாள் அடுத்தவனுக்குப் போய்விடும். ஆள் குறைந்தால் இருப்பவர்களுக்குச் சீக்கிரமே முறை வரும். இதற்குத்தானா இவ்வளவு அக்கறை?

"நான் வரல" என்றேன்.

"யோசிச்சுதான் சொல்றியா?"

"யோசிச்சாச்சு."

அடுத்த மாதம் அவரே கிளம்பிப் போய்விட்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. முறையில் அவருக்கு அடுத்தவன் நான். நேற்று அவருடைய நாளில் நான் வலை கட்டினேன். கூடை நிறைய இறால்.

"அந்த ஆள் போனதுலயும் ஏதோ கணக்கு இருக்கும்" என்றேன் வீட்டில்.

மனைவி கூடையைப் பார்த்தாள். "இன்னா கணக்கு? எறா நம்ம கூடையிலதானே கீது."