ஆடிக் காற்றில் காய்ந்த பிட்ச்

கிரிக்கெட் பிட்ச் பார்க்கிறவன் மழையைக்கூடச் சமாளித்துவிடலாம். மழையைப் பற்றி யோசனை சொல்ல வருகிறவர்களைச் சமாளிக்க முடியாது. இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சின்னமனூர்ப் பக்கம் எங்கள் மைதானத்தில் ஒரே ஆடி மாதத்தில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

பச்சை வலை

அரையிறுதி. கம்பம் அணி ஆடிக்கொண்டிருந்தது. அதன் கேப்டன் சலீம், வாழைத்தார் வியாபாரி. இந்த வருடமும் கோப்பை வராவிட்டால் டீமைக் கலைத்துவிடுவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான்.

நல்ல வெயில். வெயிலோடு மேற்கு மலையிலிருந்து சாரல் பறந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் போய்விடும், ஆனால் அதற்குள் பிட்ச் நனைந்துவிடும். எங்கள் தார்ப்பாயைக் காற்று ஏற்கெனவே கிழித்திருந்தது. மூட எதையாவது கொண்டாங்கப்பா என்றேன். கம்பம் விக்கெட் கீப்பர் பாண்டிக்கு மைதானத்தை ஒட்டித் தோட்டம். ஓடிப்போய் நாற்றங்காலுக்கு மேல் கட்டுகிற பச்சை வலையைத் தூக்கிவந்து விரித்தான். ஓட்டைக்கு ஓட்டை சாரல் இறங்கியது. இது எதுக்குடா என்றேன்.

"இதுக்குக் கீழ தக்காளி நாத்து எப்பிடி வருதுன்னு வந்து பாருங்க மாமா."

வெடிப்பு

கம்பம் எப்படியோ ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே ஓடைப்பட்டி, போன வருடம் கோப்பை வாங்கியவர்கள். இறுதி ஆட்டம் நடக்காமல் போனால் கோப்பை பழைய ஆளிடமே இருக்கும் என்பது எங்கள் வழக்கம். அதனால் சலீமுக்கு ஆட்டம் நடந்தே ஆக வேண்டும்.

கண்மாய்க் களிமண் பிட்ச். ஆடிக் காற்றில் நன்றாக இறுகி, மெல்லிசாக வெடிப்பு விட்டிருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆட்டத்தன்று காலையில் வந்து பார்த்தால் ஒரு முனை முழுக்கச் சேறு. பாண்டியின் தோட்டத்து ஓஸ் பைப் அங்கே கிடக்கிறது. முந்தின சாயங்காலம் பைப்பைப் போட்டிருக்கிறான், கரண்ட் போனதும் வீட்டுக்குப் போய்விட்டான். மோட்டார் ஆட்டோ ஸ்டார்ட்டரில் இருந்ததால், கரண்ட் வந்ததும் தானாக ஓடியிருக்கிறது. நான் பாண்டியைப் பார்த்தேன்.

"நெலம் வெடிச்சுக் கெடந்துச்சு மாமா, பாத்துட்டுச் சும்மா போக மனசு வரல."

மருந்து மிஷின்

மணல் கொட்டலாமா, மரத்தூள் போடலாமா என்று சலீம் பறந்தான். வாயை மூடிக்கொண்டு சாக்கு கொண்டுவா என்றேன். சாக்கைப் போட்டுத் தண்ணீரை ஒற்றி எடுத்தோம். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம் என்று அம்பயரிடம் சொல்லிவிட்டு, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன்.

பாண்டிக்குப் பொறுக்கவில்லை. மருந்தடிக்கிற மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டு, வெறும் காற்று விட்டு உலர்த்துகிறேன் என்று வந்தான். மைதானம் பூராவும் பூச்சிமருந்து வீச்சம். ஏலே, கழத்துடா அதை என்றேன்.

"மருந்து காலி மாமா, வாசம் மட்டுந்தேன் மிச்சம்."

டாஸ்

சாப்பிட்டு வந்து பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே ஈரம். ரோலர் போட்டேன். முதலில் பேட் பிடிக்கிறவன் திணறுவான். பொழுது சாயச் சாயச் சிமெண்டுத் தரையாகிவிடும். டாஸுக்கு முன்னால் இதை யாரிடமும் சொல்லுகிற வழக்கம் எனக்கில்லை. சலீம் கெஞ்சிக் கேட்டான். போய்க் காசைச் சுண்டு என்றேன்.

டாஸில் ஜெயித்தது ஓடைப்பட்டி கேப்டன் செல்வம். திராட்சைத் தோட்டக்காரன். சலீம் முகம் செத்துப்போயிற்று. செல்வம் பிட்சைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மேற்கே மலையைப் பார்த்தான், கருகருவென்று திரண்டிருந்தது. செல்போன் மழை இல்லை என்றுதான் காட்டியது. மழைக்கு முன்னால் ரன் சேர்த்துவிடலாம் என்று பேட்டிங் கேட்டுவிட்டான்.

ஈர முனையில் பந்து நின்று நின்று வந்தது. ஓடைப்பட்டி சீக்கிரமே சுருண்டது. மழை கேரளாவோடு நின்றுவிட்டது, காற்று மட்டும் வந்தது. காய்ந்த பிட்சில் சலீமும் பாண்டியும் அவசரப்படாமல் அடித்து முடித்துவிட்டு, நேரே பிரியாணிப் பந்திக்குப் போனார்கள். செல்வம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். ஆடி மேகம் இங்கன இறங்காதுன்னு ஒனக்குத் தெரியாதா என்றேன்.

"தெரியும்யா, ஆனா பழம் இன்னும் கொடியிலதேன் கெடக்கு, மழை விழுந்தா வெடிச்சுப்போகும், மேகம் கருத்ததப் பாத்ததும் பிட்சு நெனப்பே வரல."

நம் தொழிலில் தோற்றவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்கிறான்; ஜெயித்தவனுக்குப் பிரியாணி ஆறிவிடுகிறது.